புதிய பங்கில் பிள்ளைகளோடு: விசுவாசத்தில் வழிநடத்தும் தாய்மாருக்கு ஒரு வழிகாட்டி

புதிய பங்கு ஒன்றில், அதாவது கத்தோலிக்க ஆலயம் ஒன்றைச் சார்ந்த விசுவாசிகளின் சமூகத்தில், பிள்ளைகளோடு வந்து சேரும் தாய் பெரும்பாலும் இரண்டு கவலைகளைச் சுமந்து வருகிறார். இங்கே யாரிடம் எதைக் கேட்பது என்ற தயக்கம் ஒன்று; பிள்ளையைக் கடவுளிடம் அழைத்துச் செல்லத் தன் மறையறிவு போதுமா என்ற அச்சம் மற்றொன்று. முதலாவது சில வாரங்களில் தீர்ந்துவிடும். இரண்டாவது தானாகத் தீர்வதில்லை. அதனாலேயே பல தாய்மார் பிள்ளையை மறைக்கல்வி வகுப்பில் விட்டுவிட்டு, மற்றதை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பல ஆண்டுகள் அந்த வகுப்புகளில் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நாங்கள் சொல்லிக்கொடுப்பது, வீட்டில் பிள்ளை ஏற்கெனவே கண்டதற்குப் பெயர் சொல்லித் தருவதாகவே அமைகிறது. செபிக்கும் தாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் செபம் பற்றிய பாடம் உடனே புரிகிறது; அதைப் பார்க்காத பிள்ளைக்கு அது மனப்பாட வரிகளாகவே நின்றுவிடுகிறது.

திருச்சபையின் போதனையும் இதுதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கோட்பாட்டு விளக்கம், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்து, பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோரே என்கிறது. 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 774ஆம் சட்டம், சொல்லாலும் வாழ்வின் முன்மாதிரியாலும் பிள்ளைகளை விசுவாசத்தில் உருவாக்கும் கடமை மற்றெவரையும்விடப் பெற்றோருக்கு உரியது என்று கூறி, ஞானஸ்நானம் எனப்படும் திருமுழுக்கில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோரையும் பெற்றோரின் இடத்தில் இருப்பவர்களையும் அதே கடமையில் சேர்க்கிறது. ஆகவே இங்கே தாய் என்று எழுதும்போது பெற்றவளை மட்டும் மனத்தில் கொள்ளவில்லை. பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி, வளர்ப்புத் தாய், ஞானத்தாய் ஆகியோருக்கும் இது பொருந்தும். தந்தை இருக்கும் வீட்டில் அவருக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், செபம் என்பது பெண்களின் வேலை என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

முதல் படி: பங்கில் பதிவு செய்துகொள்ளுதல்

பங்கு என்பது பொதுவாக ஒரு நிலப்பரப்புக்கு உட்பட்ட விசுவாசிகளின் சமூகம். எந்த ஆலயத்தின் மறையுரை நமக்குப் பிடிக்கிறது என்பதைக் கொண்டு அல்லாமல், நாம் குடியிருக்கும் இடத்தைக் கொண்டே நம் பங்கு அமைகிறது. எனவே குடியேறிய சில நாள்களிலேயே பங்கு அலுவலகத்துக்குச் சென்று குடும்பப் பதிவேட்டில் பெயர்களைச் சேர்த்துவிடுவது நல்லது. ஒவ்வொருவரின் திருமுழுக்குச் சான்றிதழையும் உங்கள் திருமணச் சான்றிதழையும் கொண்டுசெல்லுங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. திருமுழுக்கு நடந்த பங்கின் பதிவேட்டில் அந்தப் பதிவு நிலையாக இருக்கும். அந்தப் பங்குக்கு எழுதிக் கேட்டால் புதிய படி கிடைக்கும். உறுதிப்பூசுதலும் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) திருமணமும்கூட அந்தத் திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கப்படுகின்றன. பிற்காலத்தில் உங்கள் பிள்ளையின் திருமணத்துக்கு அண்மையில் பெற்ற சான்றிதழைக் கேட்பார்கள் என்பதன் காரணம் இதுதான்.

பதிவின்போது சில கேள்விகளைக் கையோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: திருப்பலி (பூசை) நேரங்கள், ஒப்புரவு அருளடையாளம் (பாவ மன்னிப்புப் பெறும் சடங்கு) வழங்கப்படும் நாள், மறைக்கல்வி வகுப்பு தொடங்கும் மாதமும் சேரும் வயதும், நீங்கள் வசிக்கும் பகுதியின் அன்பியம் (அருகருகே வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு) கூடும் நாள். இவற்றோடு, பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பங்கில் பொறுப்பானவர் யார் என்பதையும் கேளுங்கள். இதைக் கேட்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்டு, 2023இல் நிலைப்படுத்திய சட்டம், சிறார் துன்புறுத்தல் பற்றிய முறையீடுகளைப் பெறுவதற்கு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. வகுப்பிலும், பீடச் சிறார் பயிற்சியிலும், பாடகர் குழுவிலும், சுற்றுலாவிலும் பிள்ளை எவரோடும் தனித்து அடைபட்ட இடத்தில் விடப்படுவதில்லை என்பதை உறுதி செய்துகொள்வது தாயின் உரிமை. மனம் உறுத்தும் எதையும் எவருடைய பதவியை முன்னிட்டும் மறைக்காமல் உங்களிடம் சொல்லலாம் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

இரண்டாம் படி: ஞாயிறு திருப்பலியில் பிள்ளைகளோடு

சிறு பிள்ளை அழும், ஓடும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற கூச்சத்தால் கடைசி இருக்கைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் தாய்மார் பலர். அங்கிருந்து பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் முதுகுகளே. முன்வரிசையில், வெளியே செல்ல வசதியான ஓரத்தில் அமருங்கள். பீடமும் மெழுகுதிரியும் குருவின் கைகளும் கண்ணுக்குத் தெரியும்போது பிள்ளையின் கவனம் தானாகவே அங்கே செல்கிறது. அழுகை அடங்காவிட்டால் சற்று நேரம் வெளியே கொண்டுபோய், அடங்கியதும் திரும்ப உள்ளே வாருங்கள். அழுதால் வீட்டுக்குப் போகலாம் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளாமல் இருக்க, திரும்பி வருவது முக்கியம். 2014 சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், பசியால் அழும் குழந்தைகளுக்குத் தயங்காமல் பாலூட்டுமாறு தாய்மாரிடம் கூறினார். திருத்தந்தையின் முன்னிலையில் முறையான ஒன்று, நம் பங்கு ஆலயத்திலும் முறையானதே.

இன்னொன்றையும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். ஞாயிறு திருப்பலி கடமை என்பது உண்மை. ஆனால் கைக்குழந்தையைப் பேணுவது அந்தக் கடமையிலிருந்து ஒருவரை விடுவிக்கக்கூடிய காரணம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையோடு, தூக்கமின்றித் தவிக்கும் தாய் ஒரு ஞாயிறு வர இயலாமல் போனதற்காகக் குற்றவுணர்வில் வாடத் தேவையில்லை. கணவனும் மனைவியும் வெவ்வேறு திருப்பலிகளுக்கு முறைவைத்துச் செல்லும் காலம் பல குடும்பங்களில் உண்டு. அது வெட்கப்பட வேண்டியதல்ல.

நான்கைந்து வயதுப் பிள்ளைக்குத் திருப்பலியைப் புரிய வைக்க எளிய வழி, சனிக்கிழமை இரவே மறுநாள் நற்செய்தியை வீட்டில் கதையாகச் சொல்லிவிடுவதுதான். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் அமைந்துள்ளன. பெரும்பாலும் முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா நற்செய்தி வாசிக்கப்படுகிறது. அந்தந்த ஞாயிறின் நற்செய்திப் பகுதியின் எண் திருவழிபாட்டு நாள்காட்டியில் இருக்கும். இரவில் கேட்ட கதையை மறுநாள் ஆலயத்தில் குருவின் வாயால் கேட்கும்போது, "அம்மா, இது நம்ம கதை" என்று காதோரம் சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். திருப்பலி முழுவதையும் விளக்க முயலாதீர்கள். ஒரு மாதம், குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது தலைவணங்கவும், அடுத்த மாதம் தூய நீர் தொட்டுச் சிலுவை அடையாளம் இடவும், அதற்கடுத்த மாதம் கிறிஸ்துவின் உடலாகிய நற்கருணை வைக்கப்பட்டிருக்கும் பேழையின் முன் முழந்தாளிடவும் கற்பித்தால் போதும். முழந்தாளிடும்போது உள்ளே யார் இருக்கிறார் என்பதை ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: வீட்டுச் செபம்

எல்லாப் படிகளிலும் இதுவே வேர் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில், குரு குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டபின், பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் அவ்வாறே இடுமாறு அழைக்கிறார். அந்தச் செயலோடு அந்த உரிமை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வோர் இரவும் தூங்கப்போகும் பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்து, பெயர் சொல்லி ஆசீர்வதிக்கும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம். அதற்கு மறையறிவு தேவையில்லை, கால் நிமிடம் போதும். தாய் கோபமாக இருந்த நாளிலும் பிள்ளை தவறு செய்த நாளிலும் இது விடுபடாமல் இருந்தால், கடவுளின் அன்பு தன் நடத்தையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்வதில்லை என்பதை அந்தப் பிள்ளை பாடமின்றியே கற்றுக்கொள்கிறது.

அடுத்து, வீட்டில் செபத்துக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் வேண்டும். இடம் என்பது ஒரு சிலுவையும் ஒரு விவிலியமும் வைக்கும் அளவு இருந்தால் போதும். நேரத்தைப் பொறுத்தவரை, நீளத்தைவிட மாறாமையே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. முதல் நாள், மணிகளை உருட்டிச் சொல்லும் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையில் தொடங்கி, ஒரு வாரத்தில் களைத்து, இரண்டாம் வாரத்தில் கைவிடும் குடும்பங்களைவிட, நாள்தோறும் ஐந்து நிமிடம் தவறாமல் அமரும் குடும்பங்களில்தான் செபம் வேரூன்றுகிறது. சிலுவை அடையாளம், விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே, அருள் நிறைந்த மரியே, திரித்துவப் புகழ் ஆகியவற்றை ஒருவரோடொருவர் சேர்ந்து சொல்லி, பிறகு ஒவ்வொருவரும் அன்றைய நாளுக்காக ஒரு நன்றியும், வேறொருவருக்காக ஒரு மன்றாட்டும் சொந்தச் சொற்களில் சொன்னால் போதும். பிள்ளை காணாமற்போன பென்சிலுக்காக மன்றாடினால் சிரிக்காதீர்கள். அதற்கு அது பெரிய காரியமே.

பிள்ளை உங்களை நீங்கள் தனியாகச் செபிக்கும் நேரத்திலும் பார்க்க வேண்டும். அதற்காகக் காட்சிப்படுத்த வேண்டியதில்லை. காலையில் எழுந்து வரும் பிள்ளை, விவிலியத்தைத் திறந்துவைத்து அமைதியாக அமர்ந்திருக்கும் தாயை அவ்வப்போது காண நேர்ந்தாலே போதும். தூய பவுல் தம் சீடர் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் தொடக்கத்தில், திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலின்படி திமொத்தேயுவின் தாய் விசுவாசம் கொண்ட யூதப் பெண், தந்தையோ கிரேக்கர். வீட்டில் ஒருவருடைய விசுவாசமே துணையாக இருந்த நிலையிலும் அந்தப் பிள்ளை வளர்ந்து திருச்சபையின் மேய்ப்பரானார். கணவர் வேறு சமயத்தைச் சார்ந்தவராக இருக்கும் தாய்மாருக்கு இது பெரும் ஆறுதல். கலப்புத் திருமணத்தின்போது, பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்துக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்க இயன்றதனைத்தையும் செய்வேன் என்று கத்தோலிக்கத் துணைவர் வாக்களிக்கிறார். அந்த வாக்கைக் கணவரின் சமயத்தை இழித்துப் பேசாமலே நிறைவேற்ற முடியும்; இழித்துப் பேசினால், பிள்ளை தாயின் கடவுளுக்கும் தந்தையின் மேலுள்ள அன்புக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகிறது.

மன்னிப்புக் கேட்பதும் வீட்டுச் செபத்தின் பகுதியே. பொறுமை இழந்து தகாத சொல் சொல்லிவிட்டால், அன்றிரவே பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதனால் தாயின் மதிப்புக் குறைவதில்லை. ஒப்புரவு அருளடையாளம் என்றால் என்ன என்பதை ஏழு வயதில் நாங்கள் வகுப்பில் விளக்கும்போது, தாயிடமிருந்து மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டிருக்கும் பிள்ளைக்கு அது அச்சமூட்டும் சடங்காகத் தோன்றுவதே இல்லை.

நான்காம் படி: திருமுழுக்கும் ஞானப்பெற்றோரும்

குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குப் பெறச் செய்யுமாறு திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 867ஆம் சட்டம் பெற்றோருக்குக் கூறுகிறது. பிறப்பதற்கு முன்பே பங்குத்தந்தையிடம் பேசிவிட்டால், பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்குமான ஆயத்த வகுப்பை அவசரமின்றி முடிக்கலாம். பெற்றோரில் ஒருவரேனும் சம்மதிப்பதும், பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நியாயமான எதிர்நோக்கு இருப்பதும் போதுமானவை. தனித்து வாழும் தாய் தன் குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஞானப்பெற்றோராக ஒருவரோ, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவரோ இருக்கலாம். பொதுவாக அவர்கள் 16 வயது நிறைந்தவர்களாகவும், உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராகவும், ஏற்கும் பொறுப்புக்கு இசைந்த வாழ்க்கை நடத்துபவர்களாகவும் இருக்க வேண்டும். குழந்தையின் பெற்றோரே ஞானப்பெற்றோராக முடியாது. நடைமுறையில் உறவில் மனத்தாங்கல் வரக்கூடாது என்பதற்காகவும் வசதி படைத்தவர் என்பதற்காகவும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அதைவிட, உங்களுக்கு நோய் வந்தால் உங்கள் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கூட்டிச்செல்வார் என்று நீங்கள் நம்பக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

குழந்தை சாவின் ஆபத்தில் இருந்து, குரு வர இயலாத நிலை ஏற்பட்டால், எவரும் திருமுழுக்கு அளிக்கலாம். திருச்சபை செய்ய எண்ணுவதையே செய்யும் கருத்தோடு, குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியவாறே, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்ற பொருளில் உள்ள வாய்பாட்டைச் சொல்ல வேண்டும். அதன் சரியான சொற்களைப் பங்குத்தந்தையிடம் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் பங்கு அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும்.

திருமுழுக்கு நாளில், கிறிஸ்துவின் உயிர்ப்புக்கு அடையாளமாக ஆலயத்தில் உள்ள பெரிய பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றித் தரப்படும் மெழுகுதிரியைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுதோறும் பிள்ளையின் பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம். திருமுழுக்கு நாளன்று அந்தத் திரியைச் சிறிது நேரம் ஏற்றிவைத்து அன்று நடந்ததைச் சொன்னால், பிள்ளைகள் அதை மறப்பதேயில்லை.

ஐந்தாம் படி: ஒப்புரவும் புதுநன்மையும்

1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், பிள்ளை ஏறக்குறைய ஏழு வயதில் பகுத்தறியும் நிலையை எட்டியதும் நற்கருணை பெறலாம் என்று விதித்தார். அதற்கு முன் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது வரையும் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் பிள்ளையின் ஆயத்தத்தைப் பெற்றோரும் பங்குத்தந்தையும் சேர்ந்தே கவனிக்க வேண்டும் என்பது சட்டம். முதல் ஒப்புரவு புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை பெறுவதற்கு, முன் வர வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. பிள்ளை எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்லத் தேவையில்லை. கிறிஸ்துவின் உடலைச் சாதாரண உணவிலிருந்து பிரித்தறிந்து, தன் அளவுக்கு ஏற்ற பக்தியோடு அதைப் பெறும் அறிவு வேண்டும். ஆகவே தேர்வுக்குத் தயார் செய்வதுபோல் மிரட்டாதீர்கள்.

முதல் ஒப்புரவுக்கு முன் பிள்ளை உங்களை ஒப்புரவு வரிசையில் நிற்கக் கண்டிருக்க வேண்டும். முதல் ஒப்புரவு முடிந்து வீட்டுக்கு வந்தபின், என்ன சொன்னாய், குரு என்ன சொன்னார் என்று கேட்கவே கேட்காதீர்கள். பாசத்தால்தான் கேட்கிறோம், ஆனால் அங்கே சொன்னது கடவுளுக்கும் தனக்கும் மட்டுமே உரியது என்ற நம்பிக்கை முதல் நாளிலேயே உடைந்துவிட்டால், அதை மீட்பது கடினம். முத்தமிட்டு, மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று மட்டும் கேளுங்கள். புதுநன்மை நாளில் புத்தாடைக்கும் விருந்துக்கும் செய்யும் செலவைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. அடுத்த ஞாயிறும் பிள்ளை நற்கருணை பெற வருவதே அந்த விழாவுக்கு அளவுகோல். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர வேறு எதையும் உட்கொள்ளாதிருக்கும் விதியையும் அன்றே பழக்குங்கள்.

ஆறாம் படி: மரியன்னையோடு

அன்னையைப் பற்றிப் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது, நாம் வழிபடுவது கடவுளை மட்டுமே என்பதும், மரியாவை வணங்கி அவருடைய பரிந்துரையை நாடுகிறோம் என்பதும். கானாவூர்த் திருமணத்தில் அவர் பணியாளரிடம் சொன்ன "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்ற சொல் இதற்குப் போதிய விளக்கம். திராட்சை இரசம் தீர்ந்துபோன குறையை அங்கே கண்டு சொன்னவர் அவர், மக்களை அனுப்பியது தம் மகனிடம். 1964 நவம்பர் 21 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் அன்னை என்று அறிவித்தார். 2018 முதல் பெந்தக்கோஸ்துக்கு மறுநாள் திங்களன்று அந்தப் பெயரில் நினைவுநாள் உலகத் திருச்சபை முழுவதும் கொண்டாடப்படுகிறது.

சிறு பிள்ளைகளோடு செபமாலை சொல்லும்போது ஒரு பத்து மணி மட்டும் சொல்லுங்கள். அந்தப் பத்து மணியில் தியானிக்கும் மறைநிகழ்வின் (இயேசு, மரியா வாழ்வின் ஒரு நிகழ்வின்) படத்தைக் கையில் கொடுத்து, முதலில் அதைக் கதையாகச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் கவனம் சிதறாது. திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி என்ற வரிசையில் நாளொன்றுக்கு ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டால், சில வாரங்களில் நற்செய்தியின் பெரும்பகுதியை அவர்கள் கடந்துவிடுவார்கள். ஒளியின் மறைநிகழ்வுகளை 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தார் என்பதால், பழைய செப நூல்களில் 15 மறைநிகழ்வுகள் மட்டுமே இருக்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

ஏழாம் படி: சமூகத்துக்குள் நுழைதல்

பதிவு செய்து, ஞாயிறுதோறும் வந்து, எவரோடும் பேசாமல் திரும்புகிற குடும்பம் ஆண்டுகள் பல கடந்தும் பங்கில் விருந்தினராகவே இருந்துவிடும். அன்பியக் கூட்டத்துக்கு முதலில் செல்லுங்கள். அங்கே உங்கள் தெருவின் கத்தோலிக்கர்கள் உங்கள் பெயரை அறிந்துகொள்கிறார்கள். பிறகு ஒரே ஒரு பணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். மரியாயின் சேனையோ, வின்சென்ட் தே பவுல் சபையோ, பாடகர் குழுவோ, மறைக்கல்வி ஆசிரியர் குழுவோ எதுவானாலும் சரி. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடப்பணியாளர் ஆகிய நிறுவப்பட்ட பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டு, அதே ஆண்டு மறைக்கல்வியாளர் பணியையும் நிறுவினார். மூன்று சபைகளில் பொறுப்பேற்று, பிள்ளைகள் வீட்டில் காத்திருக்க ஆலயத்திலேயே மாலைகளைக் கழிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஆலயப் பணியால் தாயை இழந்த பிள்ளை, பின்னாளில் ஆலயத்தின் மேலேயே மனக்கசப்புக் கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

பங்கில் மூத்த தாய் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து நட்புக் கொள்ளுங்கள். தவக்காலத்தில் எந்த வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு கேட்கலாம் என்பது போன்ற கேள்விகளுக்கு அவர் அனுபவத்திலிருந்து விடை சொல்வார். புலால் தவிர்க்கும் விதி 14 வயது நிறைந்தவர்களுக்கும் நோன்பு விதி 18 வயது நிறைந்தவர்களுக்கும்தான் என்றாலும், அதற்கும் சிறியவர்களுக்கும் ஒறுத்தலின் உண்மைப் பொருளைக் கற்பிக்குமாறு திருச்சபை பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறது. சேமித்த சிறு தொகையை ஏழை ஒருவருக்குத் தன் கையால் கொடுக்கும் பிள்ளைக்கு அந்தப் பொருள் விளங்குகிறது.

பிள்ளை வர மறுக்கும்போது

எல்லாவற்றையும் செய்தபின்னும், பதினைந்து வயதில் ஒரு ஞாயிறு காலை, நான் வரவில்லை என்று பிள்ளை சொல்லலாம். தன் வளர்ப்பு தோற்றுவிட்டதாகத் தாய் நொறுங்கிப்போகும் நேரம் அது. புனித அகுஸ்தினார் 354இல் பிறந்து, 387இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெறும்வரை, தாய் மோனிக்கா அழுது காத்திருந்தார். மகன் மானிக்கேயம் என்ற வேறொரு சமய நெறியில் சேர்ந்தபோது, அவனோடு ஒரே பந்தியில் உண்ணவும் அவர் மறுத்துவிட்டார் என்றும், பிறகு கண்ட ஒரு கனவால் தேறி மீண்டும் வீட்டில் சேர்த்துக்கொண்டார் என்றும் அகுஸ்தினாரே எழுதியிருக்கிறார். மகனோடு வாதாடித் திருத்துமாறு ஓர் ஆயரை அவர் வற்புறுத்தியபோது, இப்போது அவனை விட்டுவிடுங்கள், அவனுக்காகச் செபம் மட்டும் செய்யுங்கள் என்று அந்த ஆயர் பதிலளித்தார். இளம்பிள்ளைகளின் தாய்மார் இவ்விரண்டையும் கவனிக்க வேண்டும்: உணவு மேசையிலிருந்து விலக்கி வைக்காதீர்கள், ஒவ்வொரு வேளையும் வாதாடாதீர்கள்.

2015இல் கணவர் லூயியோடு புனிதராக அறிவிக்கப்பட்ட செலி மார்ட்டின், குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தாய். அவருடைய மகள்களில் லியோனி அடங்காத, எளிதில் வழிக்கு வராத பிள்ளை. அவளைப் பற்றிய கவலை தாயின் கடிதங்களில் நிறைந்திருக்கிறது. செலி 1877இல் இறந்தார். லியோனி துறவற இல்லங்களில் சேர்ந்து சேர்ந்து திரும்பி, 1899இல்தான் கான் நகரின் விசிற்றேஷன் மடத்தில் நிலைத்தாள். தாய் அதைக் கண்ணால் காணவில்லை.

ஆகவே நடைமுறையில் இவ்வாறு செய்யலாம். வீட்டில் இருக்கும் சிறுவயதினரைப் பொறுத்தவரை, குடும்பமாக ஞாயிறு செல்வது நம் வீட்டு வழக்கம் என்று அமைதியாக உறுதி காட்டுங்கள். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டு, பதிலை இடைமறிக்காமல் முழுவதும் கேளுங்கள். சில வேளைகளில் காரணம் விசுவாசம் சார்ந்ததாக இராது. வகுப்பில் ஒருவர் கேலி செய்தது, பெரியவர் ஒருவர் எல்லார் முன்னும் கடிந்துகொண்டது போன்ற காயமாக இருக்கும். அதைப் பங்குத்தந்தையிடம் நேரில் பேசித் தீர்க்க முடியும். கேள்வி விசுவாசத்தைப் பற்றியதாக இருந்து உங்களுக்கு விடை தெரியாவிட்டால், தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். வளர்ந்து வெளியூரில் இருக்கும் பிள்ளையைப் பொறுத்தவரை, இரவில் நெற்றியில் இட்ட சிலுவையைத் தொலைபேசியில் ஒரு சொல்லாக மாற்றிக்கொள்ளுங்கள். என்றாவது விடுமுறைக்கு வந்த மகனோ மகளோ திருப்பலிக்கு நானும் வருகிறேன் என்று சொன்னால், எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்று கணக்குக் கேட்காதீர்கள். ஒப்புரவுக்கு எத்தனை மணிக்குக் குரு அமர்ந்திருப்பார் என்பதை மட்டும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு, கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள்.